ஷார்பாக் கட்டிய கம்பி அறை

1960களின் நடுவில் துகள் இயற்பியல் ஒரு விசித்திரமான நெருக்கடியில் சிக்கியிருந்தது. புரோட்டான்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கும் எந்திரங்கள் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்திலும் அமெரிக்காவின் புரூக்ஹேவனிலும் இயங்கிக்கொண்டிருந்தன. மோதல்களை உண்டாக்குவதில் சிரமம் இல்லை. உண்டானதைப் பார்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. குமிழ் அறை என்ற கருவி, துகள் போன தடத்தைப் புகைப்படமாகப் பிடித்துத் தந்தது. ஆனால் நொடிக்கு ஓரிரு படங்களுக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. எடுத்த படங்களை மேசைத் திரையில் விழச்செய்து, பெரும்பாலும் பெண்களாக இருந்த பணியாளர்கள் கண்ணால் பார்த்து, வளைவுகளை அளந்து, எண்களாக மாற்றினார்கள். லட்சக்கணக்கான படங்கள் அவர்கள் கையால் நகர்ந்தன. கோடியில் ஒரு முறை நடக்கும் அபூர்வ மோதலை இந்த வேகத்தில் தேடினால் ஆயுள் போதாது.

இந்த முட்டுச்சந்தை உடைத்தவர் ஜார்ஜ் ஷார்பாக். 1968இல் அவர் செய்த முதல் கருவி, 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சட்டம். அதற்குள் வாயுவும் மெல்லிய கம்பிகளும் இருந்தன, அவ்வளவுதான். இன்றைய துகள் இயற்பியலின் பெரும்பகுதி அந்தச் சட்டத்திலிருந்து கிளைத்தது என்றால் மிகையில்லை.

அவர் செய்ததன் அருமை தெரிய, அவருக்கு முன்பிருந்தவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் 1909இல் ஆல்ஃபா துகள்களை எண்ணியது இருட்டறையில். துத்தநாக சல்பைடு பூசிய திரையில் துகள் விழும்போது ஒரு நுண்ணிய மினுக்கம் தோன்றும். அதை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து எண்ண வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும்வரை முதலில் காத்திருக்க வேண்டும். தங்கத் தகட்டில் பட்டுத் திரும்பிய சில மினுக்கங்களிலிருந்துதான் அணுவுக்குக் கரு உண்டு என்ற முடிவு பிறந்தது. மனிதக் கண்ணே அப்போது டிடெக்டர். அதன் களைப்பை உணர்ந்திருந்த கைகர், ரூதர்ஃபோர்டுடன் சேர்ந்து 1908இலேயே மின்முறை எண்ணி ஒன்றை அமைத்திருந்தார். அது 1928இல் வால்தர் முல்லரின் துணையோடு, நாம் இன்றும் கேள்விப்படும் கைகர்-முல்லர் எண்ணியாக முழுமை பெற்றது.

எண்ணிக்கை மட்டும் போதாது, துகள் போன வழியும் தெரிய வேண்டும். அந்த வழியைத் திறந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் சி.டி.ஆர். வில்சன். 1894இல் பென் நெவிஸ் மலையுச்சியின் வானிலை நிலையத்தில் முகில்களின் அழகில் மயங்கி, ஆய்வகத்துக்குள் செயற்கை முகில் செய்யக் கிளம்பியவர் அவர். 1911இல் அவருடைய முகில் அறையில் துகள் தடங்கள் முதன்முறையாகத் தெரிந்தன. 1932இல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டதும் ஒரு முகில் அறைப் படத்தில்தான். 1952இல் டொனால்ட் கிளேசர் வாயுவுக்குப் பதில் கொதிநிலையை மீறிச் சூடேறிய திரவத்தை வைத்துக் குமிழ் அறையை உருவாக்கினார். வில்சனுக்கு 1927இலும் கிளேசருக்கு 1960இலும் நோபல் கிடைத்தது. கருவி செய்தவர்களுக்குக் கிடைத்த பரிசுகள் இவை.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு வேதனையான பக்கம் உண்டு. கல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தில் டி.எம். போஸும் பிபா சௌதுரியும் புகைப்படத் தகடுகளையே டிடெக்டராக வைத்து காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார்கள். டார்ஜீலிங்கிலும் சந்தக்ஃபூ மலையிலும் தகடுகளை மாதக்கணக்கில் திறந்துவைத்து, பிறகு நுண்ணோக்கியில் தடங்களைத் தேடினார்கள். எலெக்ட்ரானைவிட ஏறத்தாழ இருநூறு மடங்கு நிறையுள்ள துகள்களின் அடையாளத்தை அவர்கள் கண்டு, 1940களின் தொடக்கத்தில் நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகப்போர் காலம். இன்னும் நுண்மையான தகடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டனில் மேம்பட்ட பூச்சுள்ள தகடுகள் வந்தன. அவற்றைக் கொண்டு 1947இல் செசில் பவல் குழு பையான் துகளைக் கண்டறிந்தது. 1950இல் பவலுக்கு நோபல். முறை ஒன்றேதான், வானமும் ஒன்றேதான். தகட்டின் தரம் மட்டும் வேறு. எதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதைக் கையிலுள்ள கருவி தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2019இல் ஒரு விண்மீனுக்கு ‘பிபா’ என்று பெயர் சூட்டப்பட்டது. காலம் கடந்த மரியாதை என்றாலும் நியாயமானது.

ஷார்பாக் 1924இல் அன்றைய போலந்தில், இன்று உக்ரைனில் இருக்கும் ஊரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் பாரிசுக்கு வந்தார். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் இளைஞராகச் சேர்ந்து, 1943இல் விஷி அரசால் சிறையிடப்பட்டு, 1944இல் டாஹவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945இல் முகாம் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு இருபது வயது. அதன்பின் பொறியியல் படித்து, பிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவரானார். வேண்டிய கருவியை அங்கே மாணவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. கையால் செய்து பழகிய அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1959இல் லியோன் லெடர்மன் அழைப்பில் செர்ன் சென்றவர், மியுவான் என்ற துகளின் காந்தப் பண்பைத் துல்லியமாக அளக்கும் சோதனையில் பங்கெடுத்த பின், டிடெக்டர் ஆராய்ச்சியையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார்.

கருவியின் அடிப்படை எளிது. மின்னூட்டமுள்ள துகள் ஒன்று ஆர்கான் வாயுவில் ஒரு சென்டிமீட்டர் கடந்தால் சுமார் நூறு எலெக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகும். இவ்வளவு சிறிய மின்னூட்டத்தை நேரடியாக அளப்பது கடினம். வாயுவின் நடுவே மிக மெல்லிய கம்பியை வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால், கம்பியை ஒட்டிய இடத்தில் மின்புலம் கடுமையாகிறது. அங்கே வந்து சேரும் எலெக்ட்ரான் வேகமெடுத்து வேறு அணுக்களை மோதி, புதிய எலெக்ட்ரான்களை உதிர்க்கும். அவையும் மோதும். ஒன்று பல்லாயிரமாகப் பெருகும். கிடைக்கும் துடிப்பு, முதலில் உதிர்ந்த மின்னூட்டத்துக்கு விகிதசமமாக இருக்கும். ஒரு குழாய்க்குள் ஒரு கம்பி வைத்த இந்த விகிதசம எண்ணி ஷார்பாக் காலத்துக்கு முன்பே இருந்தது.

ஷார்பாக் குழாய்களை எடுத்துவிட்டார். தறியில் பாவு நூல்களை நீட்டியது போல, பொதுவான ஒரு வாயு வெளிக்குள் மனித முடியைவிட மெல்லிய கம்பிகளை ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் இணையாக இழுத்துக் கட்டினார். மேலும் கீழும் எதிர்மின் தளங்கள். துகள் எந்தக் கம்பியருகே போனதோ அந்தக் கம்பி மட்டும் துடிக்கும். இப்படிப்பட்ட சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றுக்கொன்று குறுக்காகவும் அடுக்கினால் துகளின் பாதை முழுவதும் எண்களாகவே வந்துவிடும். படமும் இல்லை, படத்தை அளக்கும் ஆளும் இல்லை.

இத்தனை எளிதானது ஏன் முன்பே வரவில்லை? பலர் இது நடக்காது என்று நம்பியிருந்தார்கள், அதற்கு நல்ல காரணமும் இருந்தது. நெருக்கமான கம்பிகள் மின்தேக்கிகளைப் போல ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒரு கம்பியில் துடிப்பு எழுந்தால் பக்கத்துக் கம்பிகளிலும் அது பரவும். எது துடித்தது என்று எப்படிப் பிரிப்பது? ஷார்பாக் கண்ட விடை இதுதான்: துடிப்பின் பெரும்பகுதியை உண்டாக்குவது கம்பியை விட்டு விலகி நகரும் நேர் அயனிகள். அந்த நகர்வு, துகள் தொட்ட கம்பியில் எதிர்மின் துடிப்பையும் பக்கத்துக் கம்பிகளில் நேர்மின் துடிப்பையும் தூண்டுகிறது. பரவிவரும் துடிப்பை இது விழுங்கிவிடுகிறது. குறி மாறியிருப்பதால் மின்னணுச் சுற்றுக்குப் பிரிப்பது எளிது. எல்லோரும் தடையாக நினைத்த இடத்தில் இயற்கையே தீர்வை வைத்திருந்தது. அதைக் காகிதத்தில் கணக்கிட்டதோடு நில்லாமல், ரோஜர் புக்ளியே முதலிய கைதேர்ந்த சகாக்களோடு கட்டியும் காட்டியதில்தான் ஷார்பாக்கின் மேதைமை இருக்கிறது.

காலமும் கைகொடுத்தது. ஒவ்வொரு கம்பிக்கும் தனியாக ஒரு பெருக்கிச் சுற்று வேண்டும். வெற்றிடக் குழல் காலத்தில் அதன் செலவைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. 1960களின் இறுதியில் டிரான்சிஸ்டர் மலிந்தது, கணினியும் ஆய்வகத்துக்குள் வந்தது. நொடிக்கு ஓரிரு படம் என்ற நிலை மாறி, நொடிக்குப் பத்து லட்சம் தடங்கள் வரை பதிவாகும் நிலை வந்தது.

அடுத்த படியை எட்ட வெகுகாலம் ஆகவில்லை. எலெக்ட்ரான்கள் வாயுவில் ஒரு நானோநொடிக்கு ஏறத்தாழ 50 மைக்ரான் நகரும். துகள் கடந்த கணத்துக்கும் கம்பி துடித்த கணத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளித் துகள் போனது என்று சொல்லிவிடலாம். இந்த எண்ணத்தில் ‘நகர்வு அறை’ பிறந்தது. கம்பிகளின் எண்ணிக்கை குறைந்தது, துல்லியம் கூடியது. 1974இல் டேவிட் நைக்ரன் இதையே முப்பரிமாணத்துக்கு விரித்துக் கால வீச்சு அறையை முன்வைத்தார்.

கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. 1974இல் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழு பல்கம்பி அறைகளைக் கொண்டு ஜே துகளைக் கண்டது. அதே துகளை ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டர் குழுவும் கண்டது. சார்ம் குவார்க் உண்டு என்பது உறுதியானது. 1983இல் செர்னில் கார்லோ ரூபியா தலைமையிலான சோதனை டபிள்யூ, இசட் துகள்களைப் பிடித்ததும் ஒரு பெரும் நகர்வு அறையின் துணையோடுதான். டிங்கும் ரிக்டரும் 1976இல் நோபல் பெற்றார்கள். ரூபியாவும், முடுக்கியில் எதிர்ப்புரோட்டான் கற்றையைச் செறிவாக்கிய சைமன் வான் டெர் மேரும் 1984இல் பெற்றார்கள். ஷார்பாக்கின் முறை 1992 வரை வரவில்லை. வந்தபோது முழுப் பரிசும் அவர் ஒருவருக்கே வந்தது. அதற்குப் பிறகு 2025 வரை இயற்பியல் நோபல் எந்த ஆண்டிலும் தனியொருவருக்கு வழங்கப்படவில்லை.

கருவி செய்தவர், கருவியால் கண்டவர்களுக்குப் பின்னே நின்றது தற்செயல் அல்ல. துகளுக்குப் பெயர் உண்டு, கதை உண்டு, கோட்பாட்டில் இடம் உண்டு. கருவியைப் பற்றி ஆய்வேட்டின் நடுவில் இரண்டு பக்கம் இருக்கும், வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அந்த இரண்டு பக்கம் இல்லாவிட்டால் மீதிப் பக்கங்களை எழுதவே முடியாது என்பதை நோபல் குழு காலம் தாழ்த்தியாவது சொன்னது நல்லது.

ஷார்பாக் தம் கம்பிகளை மருத்துவமனைக்கும் கொண்டுபோக விரும்பினார். எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒவ்வொரு ஒளித்துகளையும் வீணாக்காமல் எண்ணினால், நோயாளி மீது பாய்ச்சும் கதிரின் அளவைக் குறைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அதற்காகவே நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த ஈயோஸ் என்ற படமெடுப்பு முறை, முதுகெலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. அவர்களுக்கு வளர்பருவம் முழுவதும் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு படத்திலும் கதிர் பல மடங்கு குறைவது, உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். செர்னிலேயே 1977இல் ஆலன் ஜீவன்ஸும் டேவிட் டவுன்செண்டும் கம்பி அறை நுட்பத்தில் அமைந்த டிடெக்டரால் ஒரு சுண்டெலியின் பெட் ஸ்கேன் படத்தை எடுத்தார்கள். இன்று நம்மூர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளில் சொல்லப்படும் பெட் ஸ்கேனின் வளர்ச்சிக் கதையில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கம்பிக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிகளும் செயலிழக்கலாம். ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சில் இருக்கும்போது வாயுவின் சிதைவுப் பொருள்கள் கம்பி மேல் படிந்து அதை மூப்படையச் செய்யும். மெதுவாக நகரும் நேர் அயனிகள் வாயுவில் தேங்கினால் கருவியின் வேகம் தடைபடும். இவற்றுக்கு விடை தேடியவர்களும் ஷார்பாக்கின் பள்ளியிலிருந்தே வந்தார்கள். 1996இல் யானிஸ் ஜியோமட்டாரிஸ் ஷார்பாக்கோடு இணைந்து, கம்பிக்குப் பதில் நுண்வலை வைத்த மைக்ரோமெகாஸ் என்ற கருவியை வெளியிட்டார். அப்போது ஷார்பாக்குக்கு எழுபது வயது கடந்திருந்தது. மறு ஆண்டு, அவருடைய குழுவில் நெடுங்காலம் இருந்த ஃபேபியோ சௌலி, இருபுறமும் செம்பு பூசிய 50 மைக்ரான் பிளாஸ்டிக் தாளில் நுண்துளைகள் இட்டு ஜெம் என்ற பெருக்கியை உருவாக்கினார்.

இந்த நூற்றாண்டின் மாற்றத்தை அலிஸ் சோதனை நன்றாகக் காட்டுகிறது. செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுகலனில் இருக்கும் அதன் கால வீச்சு அறை, முதலில் பல்கம்பி அறைகளால்தான் வாசிக்கப்பட்டது. நொடிக்கு நடக்கும் மோதல்களைக் கூட்ட முடிவானபோது, 2018 இறுதியில் தொடங்கிய நீண்ட இடைநிறுத்தத்தில் அந்தக் கம்பிகளை எடுத்துவிட்டு ஜெம் தாள்களைப் பொருத்தினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் கம்பி விடைபெறவில்லை. அதே மோதுகலனின் எல்.எச்.சி.பி. சோதனை, மியுவான்களைப் பிடிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கம்பி அறைகளை நம்பியது. மோதல் மையத்தை ஒட்டிய உள்வட்டத்தில் சிலிக்கன் ஆட்சி செய்கிறது. சி.எம்.எஸ். சோதனையின் தடங்காணியில் மட்டும் சுமார் 200 சதுர மீட்டர் சிலிக்கன் உண்டு. பெரும் பரப்பைக் குறைந்த செலவில் மூட வேண்டிய வெளிவட்டத்தில் இன்றும் வாயுவை மிஞ்ச ஏதுமில்லை.

மைக்ரோமெகாஸ் எகிப்துக்கும் போனது. 2017இல் கிசாவின் பெரிய பிரமிடுக்குள் 30 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வெற்றிடம் ஒன்று இருப்பதை வானிலிருந்து பொழியும் மியுவான்களைக் கொண்டு கண்டறிந்தார்கள். மூன்று தனித்தனிக் குழுக்கள் மூன்று வகை டிடெக்டர்களால் அதை உறுதிசெய்தன. பிரான்ஸ் குழுவின் கருவி, பிரமிடுக்கு வெளியே வெயிலில் வைக்கப்பட்ட மைக்ரோமெகாஸ் தொலைநோக்கி.

வாயு டிடெக்டர்களின் இன்றைய பெருங்கவலை சுற்றுச்சூழல். மின்தடைத் தட்டு அறைகள் எனப்படும் ஆர்.பி.சி. கருவிகளில் ஓடும் முக்கிய வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் வலியது. சிறிதளவே சேர்க்கப்படும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு இருபதாயிரம் மடங்குக்கும் மேல். கசிவை அடைப்பது, வாயுவை மீட்டெடுப்பது, மாற்று வாயு தேடுவது என்று செர்ன் தொடங்கிப் பல ஆய்வகங்கள் உழைக்கின்றன. மாற்று வாயுவில் அதே துல்லியமும் அதே ஆயுளும் கிடைக்கின்றனவா என்பதே இப்போது நடக்கும் ஆராய்ச்சியின் மையக் கேள்வி.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை தொலைதூரத்தில் இல்லை. கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். பிளாஸ்டிக் ஒளிர்வான்களும் நியான் குழாய்களும் அங்கே கருவிகள். பின்னர் அதே தங்க வயலில் புரோட்டான் சிதைவைத் தேட, இரும்புக் குழாய்களால் ஆன விகிதசம எண்ணிகள் அடுக்கப்பட்டன. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 நிலையத்தில் இன்று 3,712 விகிதசம எண்ணிகள், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், 560 சதுர மீட்டர் பரப்பில் மியுவான்களை எண்ணுகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று உதகை மேல் வந்த இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியுவான் எண்ணிக்கையில் நேர்ந்த சிறு சரிவிலிருந்து அந்தக் குழு கணக்கிட்டது. முடிவு 2019இல் வெளியானது. காஸ்மிக் கதிருக்காகக் கட்டிய கருவி மேகத்தின் வோல்ட்மீட்டராகவும் ஆனது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகம் வேறு வழியில் போனது. 50,000 டன் இரும்புக்கு இடையே 28,000க்கும் மேற்பட்ட ஆர்.பி.சி. கருவிகளை அடுக்கும் திட்டத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலையைக் குடைவது பற்றியும் காட்டுயிர் வழித்தடம் பற்றியும் மக்கள் எழுப்பிய கேள்விகள் வழக்குகளாயின. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு எதிரான நிலையைப் பதிவு செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு குறித்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. மதுரையில் இதற்காகவே வளர்ந்த கைத்திறனைப் பாழாகவிடுவதும் அதே அளவு தவறு. அங்கே 85 டன் எடையில் மாதிரி டிடெக்டர் ஒன்றைக் கட்டி இயக்கியிருக்கிறார்கள். கண்ணாடித் தட்டு அறைகளை ஒட்டவும், வாயுக் கலவையை நிர்வகிக்கவும், நானோநொடி மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்கவும் தெரிந்த இளைஞர்கள் அங்கே உருவானார்கள்.

ஷார்பாக் தம் கடைசி ஆண்டுகளில் பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனார். பியேர் லேனா, ஈவ் கேரே ஆகியோருடன் சேர்ந்து 1996இல் தொடங்கிய இயக்கம், குழந்தைகள் அறிவியலைக் கையால் செய்து கற்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 2010இல் அவர் மறையும்போது அது பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. நம் கல்லூரி இயற்பியல் துறைகளும் அதில் ஒரு துளியையாவது எடுத்துக்கொள்ளலாம். உலர்பனிக்கட்டியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஒரு கண்ணாடித் தொட்டியும் இருந்தால் ஒரு மதியத்துக்குள் முகில் அறை கட்டிவிடலாம். காஸ்மிக் கதிரின் தடத்தை மாணவர் தம் கண்ணால் பார்ப்பார். அதற்கான பயிற்சியை மதுரையிலும் உதகையிலும் உள்ளவர்கள் தர முடியும். துறைத்தலைவர்கள் அவர்களை அழைக்க வேண்டும், பல்கலைக்கழகங்கள் இந்தச் செய்முறையைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.